எல்லாருக்கும் பிடிச்சவங்க எனக்கு மட்டும் பிடிக்கல: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தியில, டீக்கடையில, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல, போன மாசம் பல் டாக்டர்ட்ட வாயத் தொறந்து வச்சிட்டு மல்லாந்து கிடக்கும்போது கூட, ‘ஊரே கொண்டாடுற பாட்டுக்காரங்கள உனக்கு மட்டும் ஏன் பிடிக்கல’ன்னு இதே கேள்வியத்தான் கேக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி தொண்ட வத்திப் போச்சு. அதான் மொத்தமா எழுதிட்டேன். இனிமே கேக்கறவங்களுக்கு இத அனுப்பிட்டு நான் பாட்டுக்கு காப்பி குடிப்பேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நான் அம்பாசமுத்திரம் பக்கம். என் தாய்மாமா மைக் செட் வச்சிருந்தாவ. எட்டாங்கிளாஸ்ல இருந்து காலேஜ் முடிக்க வரைக்கும் லீவு விட்டா அவிய கூடத்தான், வயர் சுத்துறது, தென்னமரத்துல ஏறி குழாய் ஸ்பீக்கர் கெட்டுறது, சிக்கிக்கிட்ட கேசட்ட பென்சில் விட்டு சுத்தி எடுக்கறது, எல்லாம் நம்ம டூட்டி. கீழ சொல்லுத அத்தனையும் ஆம்ப்ளிஃபயர் பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டவன் சொல்லுதது. சங்கீதம் படிச்சவன் சொல்லுதது இல்ல.

ஏல, உனக்கு இளையராஜா பிடிக்காதாமே, நெசமாவா?

நெசந்தான். கோவப்படாம முழுசா படிங்க.

செவ்வாக்கிழம கொடைன்னா, அதாவது எங்க பக்கத்துக் கோயில் திருவிழான்னா, திங்கக்கிழம சாமியக் கூப்பிடுற குடியழைப்புக்கு முன்னாலயே குழாய் கெட்டிரணும். காலைல நாலரைக்கு சீர்காழி கோவிந்தராஜன் பாடுன பிள்ளையார் பாட்டு, அது முடிஞ்சா எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு ஒரு கேசட்டு, விடிஞ்சு டீக்கடையில கூட்டம் சேந்துட்டா அப்புறம் ராத்திரி வில்லுப்பாட்டு தொடங்குற வரைக்கும் ராஜாதான். 60 நிமிஷ கேசட்டு, ஏ பக்கம் 30, பி பக்கம் 30. மாமாட்ட இழுக்காம ஓடுற ராஜா கேசட்டு மொத்தம் 14. சித்திர வைகாசியில பத்துப் பன்னெண்டு கொட, ஆடி ஆவணியில இன்னும் கொஞ்சம், நடுவுல கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு, நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அது முடிஞ்சு பாளையங்கோட்டையில காலேஜ் சேந்தா, காலைல ஒண்ணேகால் மணி நேரம் சாயந்தரம் ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ஸுல அதே பாட்டு, அதுவும் டிரைவர் தலைக்கு மேல இருக்க ஸ்பீக்கர் கிழிஞ்சு போயி ஒவ்வொரு தபேலா அடிக்கும் தகர டப்பாவ உருட்டுன மாதிரி கேக்கும்.

அன்னக்கிளி 1976ல வந்துச்சு, நான் அதுக்கு அடுத்த வருஷம் பொறந்தேன். அதாவது அவரு இல்லாத உலகத்த நான் பாத்ததே இல்ல. மீன் தண்ணியப் பத்தி என்ன சொல்லும்? அல்வாக் கடையில வேலை பாக்கற பையன்ட்ட ‘ஒரு துண்டு தின்னு’ன்னு நீட்டுங்க, மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். அல்வா மேல தப்பு இல்ல.

அப்போ அவரு மியூசிக் நல்லா இல்லன்னு சொல்லுதீரா?

வே, நான் அப்படி எங்கன சொன்னேன்? பிடிக்கலங்கறது என் வயித்தப் பத்தின பேச்சு. நல்லா இல்லங்கறது சமையல்காரரப் பத்தின பேச்சு. ரெண்டையும் போட்டுக் கொழப்புறதாலதான் பாதிச் சண்ட வருது. ஆயிரம் படத்துக்கு மேல பண்ணுன மனுசன், கையில நோட்டேசன் எழுதி அத்தன வயலினுக்கும் தனித்தனியா பேப்பர் குடுத்த மனுசன், அவரோட பேஸ் கிட்டார் போற போக்க நான் பாக்ஸ் ஸ்பீக்கர்ல கைய வச்சே சொல்லிருவேன், பெட்டி அதிருற அதிர்ச்சியில. 2025 மார்ச்சுல லண்டன்ல அவரோட சிம்பொனி நடந்தப்ப எங்க குரூப்புல ராத்திரி பூரா ஒரே கும்பிடு எமோஜி. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா கேக்கல.

அப்போ ஏன் எல்லாருக்கும் அவர பிடிச்சே ஆகணும்னு ஒரு கட்டாயம் இருக்க மாதிரி தெரியுது?

இதுக்கு என்ட்ட ஒரு தியரி இருக்கு, இதுதான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணம்.

மாமாட்ட கேசட்டு போட்டு வைக்க ஒரு டிரங்குப் பொட்டி உண்டு. மூடியத் தொறந்தா உள்பக்கம் ஒரு கோடு போட்ட தாள ஒட்டி வச்சிருப்பாவ. அதுல பாட்டு லிஸ்ட் இருக்காது. எந்த ஊருல எதப் போடக் கூடாதுங்கற லிஸ்ட் இருக்கும். இந்த ஊருல இந்தப் படப் பாட்டப் போட்டா கீழத் தெருக்காரங்க எங்கள கேலி பண்ணுதீயளான்னு வந்து நிப்பாங்க. அந்த ஊருல எம்ஜிஆர் பாட்டு ரெண்டு போட்டா சிவாஜி பாட்டும் ரெண்டு போட்டே ஆகணும், எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பாரு ஒரு பெரியவரு. இன்னொரு ஊருல ஒரு குறிப்பிட்ட பாட்டுல வர்ற ஒரு வார்த்தைய ஒரு சாதிக்காரங்க தங்களோடதுன்னு சொந்தம் கொண்டாடுவாங்க, அத ரெண்டாம் தடவ போட்டா எதுத்த தெருவுல இருந்து கல்லு வரும். ஒரு வீட்டுப் பொண்ணு ஓடிப்போன வருஷம் அந்தத் தெருவுல காதல் டூயட்டே கிடையாது. பாட்டால கைகலப்பு ஆன கொட நானே ரெண்டு பாத்திருக்கேன், ஒண்ணுல எங்க குழாய் ஒண்ணு நசுங்கிப் போச்சு, காசும் வரல.

இப்படி ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே வந்தா கடேசியில மிஞ்சுறது எது? எந்தத் தெருவுலயும் போடலாம், மேலத்தெரு கீழத்தெரு, கோயில், சர்ச்சு கல்யாணம், கட்சிக்காரன் வீட்டு விசேஷம், எங்கனயும் ஒருத்தனும் ‘ஏன்டா இதப் போட்ட’ன்னு கேக்க மாட்டான். அது ராஜா பாட்டு. மாமா சொல்லுவாவ, ‘சண்ட வராத பாட்டுல, அதப் போட்டுட்டு நீ சாப்பிடப் போலாம்’னு.

அதனாலதான் சொல்லுதேன், ‘எல்லாருக்கும் பிடிச்சவரு’ன்னு நாம சொல்லுததுல பாதி, யாரும் ஆட்சேபண பண்ணாதவருங்கறதுதான். அது சின்ன விஷயம் இல்ல, தாமிரவருணி தண்ணி மாதிரி எல்லாரும் கோரிக் குடிக்கற இடம் அது. அந்தப் படித்துறையில நின்னுக்கிட்டு ஒருத்தன் ‘எனக்கு தாகம் இல்ல’ன்னு சொன்னா, அவனுக்கு தாகம் இல்லன்னு யாரும் நெனைக்கறது இல்ல, எங்க கூட சேந்து குடிக்க மாட்டியோன்னுதான் நெனைக்காங்க. கோவம் பாட்டுக்காக வர்றது இல்ல.

அப்ப நீரு ரஹ்மான் கட்சியோ?

இந்த ஊருல ஒருத்தன் ஒரு கட்சியில இல்லன்னா இன்னொரு கட்சின்னு முடிவு பண்ணிருவாங்க.

1992ல ரோஜா வந்தப்ப எங்க பொழப்புல ஒரு பூகம்பம் வந்துச்சு, அத யாரும் எழுதுன மாதிரி தெரியல. குழாய் ஸ்பீக்கருக்கு நடு சத்தம்தான் நல்லா எடுக்கும். ஆள் குரல், வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாம் ரெண்டு ஊரு தாண்டி வயக்காடு பூரா கேக்கும். கீழ் சத்தம், பேஸு, சுத்தமா வராது. பழைய பாட்டெல்லாம் பாடுறவங்கள முன்னால நிறுத்திதான் செஞ்சது, அதனால குழாய்ல தப்பிச்சிக்கும். ரஹ்மான் பாட்டுல அடி ஆழத்துல ஒண்ணு உருண்டுக்கிட்டே இருக்கும்லா, அது குழாய்ல போட்டா காணாமப் போயிரும், மேல இருக்க சலங்க சத்தம் மட்டும் கிணுகிணுன்னு வரும். ஊருல பெருசுங்க எல்லாம் ‘என்னடே இது கம்ப்யூட்டர் மியூசிக்கு, சத்தே இல்ல’ன்னாங்க. அவங்க கேட்ட குழாய்ல சத்து இல்லதான். மூணாவது மாசம் மாமா கடன் வாங்கி ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் வாங்குனாவ. அந்தக் கடன் அடைய ரெண்டு வருஷம் ஆச்சு. 2009ல அவரு ஆஸ்கார் ரெண்டக் கையில வச்சிட்டு தமிழ்ல பேசுனத டிவியில பாத்து நாங்க எல்லாரும் கை தட்டுனப்ப மாமா மட்டும், ‘எம் பாக்ஸ் கடனுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போவச் சொல்லு’ன்னாவ.

எனக்கா? 90கள்ல வந்ததுல கொஞ்சம் பிடிக்கும். அதுக்கப்புறம் வர்றது பெரிய பங்களாவுக்குள்ள செருப்பக் கழட்டிட்டு நடக்கற மாதிரி இருக்கு. அழகா இருக்கு, எங்க உக்காரணும்னு தெரியல.

‘கேக்கக் கேக்கப் பிடிக்கும், ஸ்லோ பாய்சன்’னு சொல்லுதாங்களே, அது உண்மையா?

கொஞ்சம் உண்ம. 1968லயே அமெரிக்காவுல ஒரு மனோதத்துவ ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அர்த்தமே இல்லாத வார்த்தைங்க, புரியாத எழுத்து, தெரியாத மூஞ்சி, இதெல்லாம் சிலத ஒரு தடவ, சிலத 25 தடவ வரைக்கும் காட்டிட்டு எது நல்லா இருக்குன்னு கேட்டா, அதிகமா பாத்ததத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம். பழகுன மூஞ்சி மேல ஒரு பிரியம், அவ்வளவுதான். எஃப்எம்காரங்க புதுப்பாட்ட ஒரு நாளைக்கு எத்தன தடவ போடுதாங்கன்னு பாருங்க, அதே கணக்குதான்.

ஆனா 25 தடவ வேற, ரெண்டாயிரத்து ஐநூறு தடவ வேற. ரசம் ரெண்டாம் நாளு ருசியா இருக்கும், அதுக்காக அஞ்சாம் நாளு குடிப்பீங்களா? இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்துல பிடிக்கறது நின்னுபோயி சலிக்க ஆரம்பிக்குது, அந்த எடம் ஆளுக்கு ஆளு மாறும். மைக் செட்காரன் அதத் தாண்டி ரொம்ப தூரம் போனவன்.

எஸ்பிபி கூடவா பிடிக்காது?

எஸ்பிபிய விட்ருங்க. பிடிக்கும்.

யேசுதாஸ்?

தூக்கம் வருது. இது குறை இல்ல, ராத்திரி பதினொரு மணிக்கு கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவுற நேரத்துக்கு அவரப் போட்டா கைக்குழந்த எல்லாம் கப்சிப்னு தூங்கிரும், அதுக்காக ஆச்சிமாருங்க மாமாவ தனியா வாழ்த்திட்டுப் போவாங்க. ஆனா எனக்கு அதுக்கப்புறம் வயர் சுத்தற வேலை இருக்குல்லா.

கர்நாடக சங்கீதம்? சங்கீதத்துக்குப் பேர் போன கல்லிடக்குறிச்சிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு கச்சேரி பிடிக்காதுன்னா எப்படி?

பக்கத்துல இருந்தா பிடிக்கணும்னா எனக்கு எங்க ஊரு செங்கச்சூளையும் பிடிச்சிருக்கணும்.

இதுல கொஞ்சம் நெசமான வருத்தம் உண்டு, சொல்லுதேன். முத்துசாமி தீட்சிதர் 1835ல கண்ண மூடுனது எட்டயபுரத்துல, சமாதி அங்கனதான் இருக்கு, இப்ப தூத்துக்குடி மாவட்டம், அப்ப எல்லாம் ஒரே திருநெல்வேலிதான். நெல்லையப்பர் கோயில்ல தட்டுனா ஸ்வரம் பேசுற கல்தூண் இருக்கு. இவ்வளவும் நம்ம வாசல்ல இருக்கு. ஆனா சபாவுக்குள்ள போயி உக்காந்த ஒரே தடவையில, எனக்குப் பக்கத்துல இருந்தவரு தொடையில தாளம் போட்டுக்கிட்டே என் கையப் பாத்தாரு. நானும் போட்டேன். தப்பாப் போட்டேன் போல. ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, அன்னைக்கு எழுந்திரிச்சவன்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி குரல் பிடிக்காதுன்னு சொல்ல எனக்கு தைரியம் கிடையாது, மார்கழி காலையில அந்தக் குரல் இல்லாம எனக்கே பல் விளக்க வராது. ஆனா அது எனக்கு பாட்டு இல்ல, அலாரம்.

இதே சங்கீதம் இன்னொரு வழியில வந்தப்ப பிடிச்சுச்சு. காருகுறிச்சி அருணாசலம். எங்க ஊருல இருந்து சைக்கிள்ல போற தூரந்தான் காருகுறிச்சி, மண்பானைக்குப் பேர் போன ஊரு. டி.என். ராஜரத்தினம் பிள்ளைட்ட படிச்சவரு, 1962ல கொஞ்சும் சலங்கை படத்துல ஜானகி குரலுக்கு எதுத்த மாதிரி அவரு நாதஸ்வரம் வாசிச்சாரு, ரெண்டே வருஷத்துல, 1964ல, போயிட்டாரு. அந்த ரெக்கார்டு தட்டு மாமாட்ட ஒண்ணு இருந்துச்சு, அத நான் ஒருநாளும் வேலையா கேட்டதில்ல. கல்யாணத்துல மாப்பிள அழைப்புக்கு மட்டும் எடுப்பாவ, ஊசிய மாத்திட்டு, கைய சாரத்துல தொடச்சிட்டு. தாளம் போடச் சொல்லி அங்க யாரும் என்னய பாக்கல. அந்த வாசிப்பு என்ன ராகம்னு தெரியாமலே அத்தன பந்தக்காரனும் சமையக்காரனும் அப்படியே நிப்பான். நாதஸ்வரம் திறந்த வெளிக்குன்னே பொறந்த வாத்தியம், மைக்கே வேண்டாம், அதனாலயோ என்னமோ மைக் செட்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது மேல ஒரு மரியாத.

இங்கிலீஷ் பாட்டு கேப்பீரா? பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட், பாப் டிலன்?

பெங்களூர்ல வேலைக்குப் போனப்ப ரூம்மேட் ஒருத்தன் என்னய மனுசனாக்கணும்னு கங்கணம் கட்டிட்டு நின்னான். பிங்க் ஃப்ளாய்டோட 1973 ஆல்பம் ஒண்ணு, அமெரிக்க விற்பன லிஸ்ட்ல 1988 வரைக்கும் கூடக்கொறைய 741 வாரம் இருந்துச்சாம், அந்தக் கணக்க அவன் குலதெய்வம் பேரு மாதிரி சொல்லுவான். லைட்ட அணைச்சிட்டு படுத்துக்கிட்டுதான் கேக்கணும்னான். அணைச்சோம். கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்கற எடத்துல நான் விழுந்தடிச்சு எழுந்திருச்சேன், அதுக்கு முன்னாலயே தூங்கிட்டேன்னு அவனுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ரெண்டு நாளு பேசல.

பீட்டில்ஸ் எனக்கு ஸ்கூல் பாட்டு மாதிரி கேக்கு, சுத்தமா தலைவாரி பவுடர் போட்ட பாட்டு. பிற்பாடு வந்தது வேற மாதிரி இருக்கும்னு சொன்னாங்க, கேட்டேன், தாடி வச்சிருந்துச்சு.

பாப் டிலன்தான் வம்பு. 2016ல இலக்கியத்துக்கு நோபல் குடுத்தப்ப ஆபீஸ்ல ஒரே வாக்குவாதம், பாட்டுக்காரருக்கு எப்படி இலக்கியப் பரிசுன்னு. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, எங்க ஊருல கதையும் பாட்டும் எப்ப பிரிஞ்சு இருந்துச்சு? வில்லுக்காரர் ஒருத்தர் ராத்திரி பூரா முத்துப்பட்டன் கதையப் பாடி முடிப்பாரு, அதுல பாதி பாட்டு, பாதி வசனம், எடையில ஊரு நாட்டாமைக்கு ஒரு குத்தல். சத்திரம் புதுக்குளத்துல பொறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அந்த வில்லத் தூக்கிட்டு ரேடியோ, டிவி எல்லாம் ஏறுனாவ, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அடுத்த வருஷம் அக்டோபர்ல காலமானாவ. சரி, டிலன் எழுதுனது பெரிய எழுத்தாவே இருக்கட்டும், அந்தக் குரல எங்க மாமா மைக்ல விட்டிருக்க மாட்டாவ. ‘தம்பி சளி இருக்கு, நாளைக்கி வா’ன்னிருப்பாவ.

அனிருத்? இப்ப உள்ள பிள்ளைங்க கேக்கறது?

2011 கடேசியில அந்த இங்கிலீஷும் தமிழும் கலந்த பாட்டு யூடியூப்ல பத்திக்கிட்டு எரிஞ்சப்ப நானும் சிரிச்சிக்கிட்டேதான் கேட்டேன், பையனுக்கு அப்ப 21 வயசு. இப்ப அவரு பாட்ட நெல்லையில முத நாள் மொத ஷோவுக்கு தியேட்டர்ல கேட்டா நெஞ்சுக்கூடு ஆடுது, எதுக்கு வந்தோமோ அது கிடைக்குது. வீட்டுக்கு வந்து ஹெட்போன்ல போட்டா ஒண்ணுமில்ல. ராக்கெட் வெடிய வீட்டுக்குள்ள வச்சிப் பாக்க முடியுமா? அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

எம் பொண்ணு பிடிஎஸ்னு ஒரு கொரியாப் பாட்டுக் குழுவக் கேக்கா. ஏழு பயலுவ, ஏழு பேரு பேரும் அவளுக்குத் தெரியும், அவ அம்ம கூடப் பொறந்த மாமாமாரு நாலு பேரு பேரு தெரியாது. எனக்குப் பிடிக்கல. ஆனா அவட்ட சொல்லல. எங்க அப்பா நான் கேட்ட பாட்ட ‘நாய் ஊளையிடுது’ன்னு சொன்னது 30 வருஷம் கழிச்சும் எனக்கு ஞாபகம் இருக்கே.

சிலருக்கு எந்தப் பாட்டுமே பிடிக்காதாமே, அப்படி உண்டா?

உண்டு. 2014ல பார்சிலோனாவுல இத ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. காது நல்லாத்தான் கேக்கும், சோகப் பாட்டு எது சந்தோஷப் பாட்டு எதுன்னு சரியாச் சொல்லுவாங்க, காசு ஜெயிக்கற விளையாட்டுல மத்தவங்க மாதிரியே குஷியாவாங்க, பாட்டுக்கு மட்டும் உள்ள ஒண்ணும் அசையாது. அவங்க வாகு அப்படி. எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி இருந்தாவ, பாட்டு ஆரம்பிச்சா எழுந்து வயலுக்குப் போயிருவாவ, திமிரு பிடிச்ச மனுசன்னு ஊரே சொல்லும். அவியளுக்கு இதுதானோ என்னமோன்னு இதப் படிச்சப்ப தோணுச்சு. பாவம், எங்க குழாய் அவிய வீட்டுப் பூவரச மரத்துலதான் கெட்டுவோம்.

பாட்டுக்காரரோட பேச்சும் குணமும் பிடிக்காததால பாட்டு பிடிக்காமப் போறது சரியா?

கேசட்டுல பேட்டி வராது. பாட்ட மட்டும் கேளுங்க, இல்லன்னா ரெண்டையும் விட்ருங்க.

சபையில ‘எனக்குப் பிடிக்காது’ன்னு எப்படிச் சொல்லுதது? அடி வாங்காம?

அனுபவத்துல சொல்லுதேன்.

சாப்பாட்டுக்கு முன்னால சொல்லாதீங்க. பாயசம் வந்தப்புறம் சொன்னா பாதிப் பேருக்கு தூக்கம் வந்திருக்கும். ‘ஓவர் ரேட்டட்’ங்கற வார்த்தைய வாயில எடுக்காதீங்க, அது உங்க காதப் பத்தின பேச்சு இல்ல, எதுத்தாப்புல இருக்கவன் முட்டாப்பயன்னு சொல்லுத பேச்சு. அவனும் இத்தன வருஷமா அதக் கேட்டு அழுதிருக்கான், பிள்ளைக்கு அந்தப் பாட்டுல வர்ற பேரத்தான் வச்சிருக்கான். எங்க மைனி ஒருத்தி இருக்கா, அவகிட்ட ஒரு தடவ ஒரு பழைய டூயட்ட ‘ஜவ்வு’ன்னு சொல்லிட்டேன். அது அண்ணனும் அவளும் கல்யாணம் ஆன புதுசுல குத்தாலத்துக்குப் போனப்ப வேன்ல ஓடுன பாட்டாம். எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கி வச்ச சொதியில எனக்கு மட்டும் தேங்காப்பால் வரல, வெறும் காய்தான் வந்துச்சு.

‘எனக்கு அவ்வளவா ஓடல’, இது நல்ல வார்த்த. கேசட்டு மேல பழியப் போட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்னு, உங்களுக்குப் பிடிக்காதுங்கறத அடையாள அட்ட மாதிரி சட்டையில குத்திட்டுத் திரியாதீங்க. அப்படி ஒரு கூட்டம் இருக்கு, ஊரு கும்பிடுத சாமியக் கும்பிடாததையே ஒரு சாமியாக்கிட்டு திரியுதவங்க. நானும் ஒரு ரெண்டு வருஷம் பெங்களூர்ல அப்படித் திரிஞ்சேன், அப்ப எடுத்த போட்டோவப் பாத்தா எனக்கே அடிக்கணும் போல இருக்கு.

வயசானா பிடிச்சிரும்னு சொல்லுதாங்களே? வெளிநாடு போனா ராஜா அருமை தெரியும்னு?

போனேன். மஸ்கட்டுல அஞ்சு வருஷம். ஒருநாளு ராத்திரி டாக்சியில ஏறுனா மலையாளி டிரைவரு, ராஜா பாட்டு ஓடுது. நான் கண்ணு கலங்கி தாமிரவருணிய நெனச்சேன்னுதானே எதிர்பாக்கீங்க? ‘அண்ணே, ட்ரெபிள் ஜாஸ்தியா வச்சிருக்கீங்க’ன்னேன். அவரு கொறச்சாரு. நல்லா இருந்துச்சு. பாட்டு இல்ல, சவுண்டு.

அப்ப உமக்கு என்ன எழவுதான்வே பிடிக்கும்?

மகுடம். சுடலமாடன் கோயில் கொடையில கணியான் கூத்துக்கு அடிக்கற தோல் கருவி. ரெண்டு மகுடம் இருக்கும், ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம், தீயில வாட்டி வாட்டி எடுத்து அடிப்பாங்க, அது பேசுத பேச்ச பேஸ் பாக்ஸ் எதுவும் பேசாது. நாகூர் ஹனிபா பிடிக்கும், மைக்கே இல்லாம மேலப்பாளையத்துல நின்னு பாடுனா ஜங்ஷன்ல கேட்டிருக்கும் போல ஒரு குரலு, அம்மன் கோயில் கொடையில அவரு பாட்டக் கேட்டு வாங்கிப் போடச் சொன்ன தர்மகர்த்தாவ நான் பாத்திருக்கேன். தேவா பிடிக்கும், ஏன்னு கேக்காதீங்க, பதில் கிடையாது.

அப்புறம் வில்லு. இத்தன வருஷம் வில்லுக்கு மைக் வச்சவன், ஆனா வில்ல நான் ஒழுங்காக் கேட்டது ஒரே ஒரு ராத்திரிதான். 2000ல சத்தத்துக்கு சட்டம் வந்துச்சுல்லா, ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு. வந்து ரொம்ப வருஷம் எங்க பக்கம் யாரும் கண்டுக்கல. லீவுல ஊருக்கு வந்திருந்த ஒரு வருஷம், வள்ளியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரு, சாமக்கொடைக்கு முன்னால போலீஸ் ஜீப் வந்துச்சு. மாமா மெயின ஆஃப் பண்ணிட்டாவ. வில்லுக்காரம்மா பாதிக் கதையில இருக்கா, இசக்கி கத. அவ நிறுத்தல. ஒரு நிமிஷம் கூட்டம் முழிச்சிட்டு, அப்புறம் பாயத் தூக்கிட்டு எல்லாரும் வில்லுக்குக் கிட்டக்க நகந்து உக்காந்தாங்க, பிள்ளைகள மடியில போட்டுக்கிட்டு. அப்பத்தான் தெரிஞ்சுது குடத்தோட வாயில அடிக்கற அடிக்கு ஒரு கீழ் சத்தம் இருக்குன்னு, நான் பத்து வருஷமா குழாய்ல தொலச்ச சத்தம். வில்லுல கெட்டியிருக்க மணி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்கு. அந்தம்மா ஒரு வரி சொன்னதும் பின்னால இருக்கவரு ‘ஆமா’ன்னு போடுத அந்த ஆமாவுல மூச்சு கேக்கு. வரத்துப் பாட்டுக்கு சாமி வந்து ஆடுன கிழவி காலடியில மண்ணு அரைபடுறது கேட்டுச்சு.

நான் திரும்பி மாமாவப் பாத்தேன். அவிய பொட்டி மேல உக்காந்து, ‘ஏல, மைக் நின்னுபோச்சுன்னு பாதி வாடகதான் தருவானுவ, பாரு’ன்னு முனங்கிக்கிட்டே இருந்தாவ. முக்கால்வாசி தந்தாங்க.